நூற்று இருபத்தெட்டாவது பல்

சிங்காரம் மாஸ்டரைப் பற்றி நல்லதாக இரண்டு பக்கம் எழுதித் தரும்படி ஒருவர் எனக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருக்கிறார். கோயம்புத்தூர்க்காரர், ஹிஞ்சவடியில் கம்ப்யூட்டர் வேலை. இந்த மராத்தி ஊரில் எங்கள் தமிழ்ச் சங்கம் பொங்கலுக்குப் போடுகிற மலருக்கு இந்த வருஷம் அவர்தான் பொறுப்பு. மாஸ்டர் இறந்து ஒரு வருஷம் ஆகிறதாம், அட்டையில் அவர் படம் வரப்போகிறதாம். கண்ணை மூடிக்கொண்டு, காதாலேயே மெஷினின் நோயைக் கண்டுபிடித்த மேதை என்கிற தோரணையில் எழுதினால் படிப்பவர்களுக்கு ஊக்கமாக இருக்கும் என்று யோசனையும் சொல்லியிருக்கிறார். அவர் மாஸ்டரைப் பார்த்ததில்லை. லேத் என்கிற கடைசல் மெஷினைப் பார்த்திருப்பாரா என்பதே சந்தேகம். பார்க்காதவர்களுக்குத்தான் இந்த மாதிரி வாக்கியங்கள் தடையில்லாமல் வருகின்றன.

எழுதுகிறேன். ஆனால் நான் பார்த்ததைத்தான் எழுத முடியும்.

போசரியில் ஒரு மெஷின் ஷாப்பின் டூல் ஸ்டோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். சமீபத்தில் அந்தக் கம்பெனியில் மிச்சமிருந்த பழைய லேத்துகளிலிருந்து பல்சக்கரங்களை எல்லாம் கழற்றி எடைக்குப் போட்டுவிட்டார்கள். பதிலுக்கு ஒரு மோட்டாரை வைத்து, எத்தனை மில்லிமீட்டர் மரை வேண்டுமோ அதைப் பட்டனில் தட்டினால் போதும் என்று செய்துவிட்டார்களாம். செய்தி வந்ததும் ரிட்டயர் ஆனவர்களின் வாட்ஸாப் குரூப்பில் ஒரே ஒப்பாரி. ஆளுக்கு ஒரு அழுகிற பொம்மை. கைவேலை போச்சு, காதுவேலை போச்சு, இனிமேல் எவன் இருக்கிறான் என்று புலம்பல். இதே ஆட்கள் சர்வீஸில் இருந்தபோது அந்தச் சக்கரத்தை மாற்றச் சொன்னால் டீ குடிக்கப் போய்விட்டு மத்தியானம்தான் திரும்பி வருவார்கள். எனக்கென்னவோ செய்தியைப் படித்ததும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

விஷயம் தெரியாதவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். லேத்தில் ஒரு இரும்புத் தண்டைச் சுழலவிட்டு அதன் மேல் மரை, அதாவது திருகாணியில் இருக்கிற மாதிரிச் சுற்று, வெட்டும்போது, தண்டு ஒரு சுற்றுச் சுற்றி முடிப்பதற்குள் வெட்டுகிற டூல் எவ்வளவு தூரம் நகர வேண்டும் என்பதுதான் கணக்கு. அந்தக் கணக்கை வைத்திருப்பவை மெஷினின் இடது கோடியில், ஒரு மூடிக்குள்ளே, ஒன்றோடொன்று பல் கோத்து நிற்கும் சக்கரங்கள். வேறு மரை வெட்ட வேண்டுமானால் வேறு சக்கரம் மாட்ட வேண்டும். அதனால் அவற்றுக்குச் சேஞ்ச் கியர் என்று பெயர். இருக்க வேண்டியதற்கு ஒரு பல் கூடினாலும் குறைந்தாலும் வெட்டுகிற மரை முழுவதும் தப்பாகிவிடும். எண்பது, நூறு என்று ஒவ்வொன்றின் முகத்திலும் எத்தனை பல் என்கிற எண் குத்தியிருக்கும். அவை எல்லாம் என் ஸ்டோரின் சுவரில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தன.

நாங்கள் ஆற்காட்டுப் பக்கம். அப்பா இங்கே ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் ஃபிட்டர். நான் ஐ.டி.ஐ.யில் டர்னர் படித்தேன், வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். பாஸ் செய்து வேலைக்கு வந்ததும், பொம்பளை லேத்தில் நின்றால் முடி மாட்டிக்கொள்ளும் என்று என்னை ஸ்டோரில் உட்கார வைத்துவிட்டார்கள். ஹிந்திப் பட ஹீரோ மாதிரி தோள்வரை முடி வளர்த்துக்கொண்டு திரிந்த ஆண்கள் லேத்தில்தான் நின்றார்கள். அவர்கள் முடியைப் பற்றி யாருக்கும் கவலை இருந்ததாகத் தெரியவில்லை.

அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவர் சிங்காரம் மாஸ்டர்தான். அதை மறைக்க மாட்டேன். ஷாப்பில் இருந்த தமிழ் ஆட்களில் பாதிப் பேர் அவர் கைகாட்டி உள்ளே வந்தவர்கள். அரக்கோணத்துக்காரர், ஃபோர்மேன், எங்கள் அப்பாவுக்குச் சிநேகிதர். நான் பேரன் பேத்தி எடுத்த பிறகும் என்னைப் பாப்பா என்றுதான் கூப்பிட்டார்.

ஸ்டோரில் என் வேலையில் முக்கியமானது, எண் அழிந்துபோன, எந்த மெஷினுடையது என்றே தெரியாத சக்கரத்தை அடையாளம் கண்டு சொல்வது. மற்றவர்கள் கையில் தூக்கிப் பார்த்து "அறுபது இருக்கும்" என்பார்கள், கறிக்கடையில் கோழி வாங்குகிற மாதிரி. நான் முதலில் மண்ணெண்ணெயில் கழுவுவேன். ஒரு பல்லில் சாக்பீஸால் கோடு போட்டு, அடுத்த பல்லிலிருந்து எண்ண ஆரம்பித்து, கோடு போட்ட பல்லில் முடிப்பேன். இங்கேதான் புது ஆட்கள் எல்லோரும் வழுக்கி விழுவார்கள். கோடு போட்ட பல்லையே ஒன்று என்று எண்ணி, சுற்றி வந்து கடைசியிலும் அதையே எண்ணிவிடுவார்கள். ஒன்று கூடிப்போகும். அந்தத் தப்பைச் செய்யாத அப்ரன்டிஸை நான் பார்த்ததில்லை.

எண்ணிய பிறகு காலிப்பரை எடுத்து வெளிவட்டத்தின் குறுக்களவைப் பார்த்து, பற்களின் எண்ணிக்கையோடு இரண்டைக் கூட்டி, அதனால் வகுக்க வேண்டும். இரண்டு, இரண்டரை என்று சுத்தமாக வந்தால் மில்லிமீட்டர்ச் சக்கரம். கோணல் மாணலாக வந்தால் அது அநேகமாக அங்குலச் சக்கரம். இரண்டையும் பார்த்தால் கூடப்பிறந்தவை மாதிரி இருக்கும். கோத்து ஓடவிட்டால் ஓடவும் செய்யும், கொஞ்ச நாளில் ஒன்றை ஒன்று தின்றுவிடும். அதனால் கண்ணால் பார்த்துச் சொல்கிறவனை நம்பக் கூடாது. அதற்குப் பிறகு நடு ஓட்டை, சக்கரம் தண்டில் வழுக்காமல் இருக்க அதில் வெட்டியிருக்கும் சாவிக்காடி, கனம் மூன்றையும் பார்த்துவிட்டால் முடிந்தது.

மாட்டுவதற்கும் ஒரு முறை இருக்கிறது. மெயின் சுவிட்சை அணைத்து ஃப்யூஸைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் எவனாவது போகிற போக்கில் சுவிட்சைப் போடுவான். சக்கரத்தைத் தண்டில் ஏற்றி, பக்கத்துச் சக்கரத்தோடு சேர்க்கும்போது இரண்டுக்கும் நடுவில் செய்தித்தாளில் ஒரு துண்டு கிழித்து வைத்து அழுத்தி நட்டை முடுக்க வேண்டும். பிறகு கையால் சுற்றினால் காகிதம் மடிப்பு மடிப்பாக, கிழியாமல் வெளியே வரும். வந்தால் இடைவெளி சரி. கிழிந்து வந்தால் இறுக்கம் அதிகம். இதற்கு மேதை யாரும் தேவையில்லை. ஒரு சாக்பீஸ், ஒரு காலிப்பர், நேற்றைய மராத்திப் பேப்பர் இருந்தால் போதும்.

மாஸ்டர் இதில் எதையும் தொட மாட்டார். வெள்ளை அரைக்கைச் சட்டைதான் போடுவார், அதில் ஒரு சொட்டு எண்ணெய் பட்டு நான் பார்த்ததில்லை. எதையும் தொடாதவர் மேல் எப்படிப் படும்? காலையில் வந்ததும் உள்ளங்கையில் புகையிலையும் சுண்ணாம்பும் வைத்துத் தேய்க்க ஆரம்பிப்பார். மெஷின் சத்தம் போடுகிறது என்று யாராவது வந்து நின்றால் உடனே எழுந்துவிட மாட்டார். தேய்த்து முடித்து, தூசியைத் தட்டி, உதட்டுக்குள் அடக்கிக்கொண்டு, அதற்கென்றே வைத்திருந்த நீளமான ஸ்க்ரூ டிரைவரை எடுப்பார். அதன் நுனியைக் கியர்பாக்ஸ் மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதோடு சேர்த்து வைத்து, கண்ணை மூடிக்கொள்வார். ஷாப்பே வேலையை நிறுத்திவிட்டுப் பார்க்கும். கண்ணைத் திறந்து "பேரிங்" என்பார், இல்லாவிட்டால் "பல்லு" என்பார். ஒரே சொல். பிரித்துப் பார்த்தால் சில சமயம் பேரிங்காக இருக்கும், சில சமயம் பல்லாக இருக்கும். கியர்பாக்ஸுக்குள் வேறு என்ன, வெங்காயமா இருக்கப்போகிறது? சரியாக வந்துவிட்ட நாளைப் பற்றி மாதக்கணக்கில் பேசுவார்கள். தப்பிப்போன நாளில் மெஷின் ரொம்பப் பழசு என்று சொல்லிவிடுவார்கள்.

எண் குத்துகிற பஞ்ச் செட்டை அவர் ஸ்டோரில் வைக்க விடவில்லை. தன்னுடைய அலமாரியில் பூட்டி வைத்திருந்தார், சாவி அரைஞாணில் தொங்கியது. அவர் குத்திய எண்ணை யாரும் எண்ணிச் சரிபார்க்கக் கூடாது என்பது எழுதாத சட்டம். அப்படிச் செய்தால், விருந்துக்குக் கூப்பிட்டவர் வீட்டில் இலையில் உட்கார்ந்து சோற்றில் கல் பொறுக்குகிற மாதிரி. நான் பொறுக்குவேன். அதனால் எனக்கு ஷாப்பில் நல்ல பெயர் கிடையாது.

தேவராஜைப் பற்றி இப்போது சொல்ல வேண்டும். டர்னர், என்னைவிடச் சில வயது மூத்தவர், அதிகம் பேசாதவர், வேலை சுத்தம். மாஸ்டர்தான் அவரை ஊரிலிருந்து கூட்டி வந்தார், வேலை வாங்கித் தந்தார், பெண் பார்த்துக் கல்யாணமும் செய்து வைத்தார். ஆயுத பூஜை அன்று மெஷினுக்குப் பொட்டு வைத்துவிட்டு நேரே போய் மாஸ்டர் காலில் விழுவார். விழுந்தவரைத் தூக்கிவிடக்கூட மாஸ்டர் குனிய மாட்டார், அவராக எழுந்துகொள்ள வேண்டியதுதான்.

தேவராஜ் ஓட்டியது அங்குலக் கணக்கில் செய்த ஒரு பழைய இங்கிலீஷ் லேத். அதில் மில்லிமீட்டர் மரை வெட்ட வேண்டுமானால் நூற்று இருபத்தேழு பல் உள்ள ஒரு பெரிய சக்கரம் கட்டாயம் வேண்டும். ஒரு அங்குலம் என்பது இருபத்தைந்து புள்ளி நான்கு மில்லிமீட்டர், ஐந்து அங்குலம் சேர்ந்தால்தான் புள்ளி போய் நூற்று இருபத்தேழு என்று முழுசாக வரும், அதனால் அந்த எண்தான் ஒத்து வரும். எங்களிடம் இருந்தது ஒன்றே ஒன்று. எவனோ மூடியைத் திறந்து வைத்துவிட்டு உள்ளே ஸ்பேனரை மறந்துவிட்டதில் அதன் பல் நான்கைந்து தெறித்துப்போனது. சரியாக அந்த நேரம் பெரிய ஆர்டர் ஒன்று வந்தது, மதகுக் கதவுகளைத் தூக்கி இறக்குகிற திருகுத் தண்டுகள். ஆள் உயரத்துக்கு மேல் நீளம், ஆறு மில்லிமீட்டர் மரை.

பல்சக்கரம் மட்டுமே செய்கிற ஒரு நல்ல கம்பெனியில் புதுச் சக்கரத்துக்குச் சொல்லிவிடலாம், கொஞ்ச நாளாகும் என்றேன். மாஸ்டர் புகையிலையைத் தேய்த்துக்கொண்டே, "அதுக்கு இன்னாத்துக்குப் பாப்பா அவ்ளோ தூரம், நான் பாத்துக்கறேன்" என்றார். இரண்டு சந்து தள்ளி அவருடைய சிநேகிதர் ஒருவர் மில்லிங் பட்டறை வைத்திருந்தார். அங்கே கொடுத்து ஒரு வாரத்துக்குள் சக்கரம் வந்துவிட்டது. ஸ்டோருக்கு வரவில்லை. மாஸ்டர் தன் கையாலேயே 127 என்று குத்தி, நேராகத் தேவராஜிடம் கொடுத்துவிட்டார். மாட்டி ஓடவிட்டதும் ஸ்க்ரூ டிரைவரைக் காதில் வைத்துக் கண்ணை மூடினார். "வெண்ண மாதிரி ஓடுது" என்றார். ஓடத்தான் செய்யும். நூற்று இருபத்தேழு பல் போடுகிற சத்தத்துக்கும் இன்னொரு பல் சேர்ந்து போடுகிற சத்தத்துக்கும் என்ன வித்தியாசம் இருக்கும்? காதுக்கு எண்ணத் தெரியாது.

ஷாப்பில் மரையைச் சரிபார்க்க ஒரு மெல்லிய வளையம் வைத்திருந்தார்கள். இரண்டு மூன்று மரை கனம்தான் இருக்கும், அது எல்லாத் தண்டிலும் தடையில்லாமல் ஏறியது. வாங்கியவர்களுடைய பித்தளை நட்டு ஒரு சாண் நீளம். மரைக்கு மரை இருந்த இம்மி வித்தியாசம் சேரச் சேர, அது கொஞ்ச தூரம் ஏறி அப்படியே கடித்துக்கொண்டது. முழு ஆர்டரும் டெம்போவில் திரும்பி வந்து கேட்டில் இறங்கியது.

ஒர்க்ஸ் மேனேஜர் குல்கர்ணி சாகேப்புக்கு ஒரு தலை தேவைப்பட்டது. தண்டை வெட்டியவன் தேவராஜ், எனவே தேவராஜ். கவனக்குறைவு என்று குற்றம் சாட்டி, சனிக்கிழமைக்குள் பதில் சொல்லாவிட்டால் வேலையிலிருந்து நீக்கம் என்று சொல்லிவிட்டார். தேவராஜின் இரண்டு பெண்களும் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தார்கள், வீட்டில் வேறு சம்பாத்தியம் கிடையாது. இரண்டு நாளில் தேவராஜ் முகம் கறுத்துப்போய்விட்டது. லீவரைத் தப்பாகப் போட்டுவிட்டேனோ, தூங்கிவிட்டேனோ என்று தன்னையே கேட்டுக்கொண்டு மெஷினைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

திரும்பி வந்த தண்டுகளில் ஒன்றின் மேல் நான் ஸ்டீல் ஸ்கேலை வைத்துப் பார்த்தேன். ஆறு மில்லிமீட்டர் மரை ஐம்பது சேர்ந்தால் முந்நூறு மில்லிமீட்டர் வர வேண்டும். இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் குறைந்தது. மற்ற தண்டுகளிலும் அதே குறைவு. ஆள் செய்த தப்பாக இருந்தால் இப்படி எல்லாத் தண்டிலும் ஒரே மாதிரி வராது. சக்கரத்தைக் கழற்றிக்கொண்டு வரச் சொன்னேன். குறுக்களவு நூற்று இருபத்தேழு பல்லுக்குச் சரியாக இருந்தது. முகத்திலும் அதே எண். எண்ணினேன், நூற்று இருபத்தெட்டு. கோட்டை அழித்து வேறு பல்லில் போட்டு எண்ணினேன், அப்போதும் அதே.

சாப்பாட்டு நேரத்தில் அந்த மில்லிங் பட்டறைக்கு நடந்தே போனேன். பட்டறைக்காரர் ஒளிக்கவில்லை. ஒளிக்க வேண்டிய விஷயம் என்றே அவருக்குத் தோன்றவில்லை. பல் பிரித்து வெட்டுவதற்கு அவரிடம் இருந்தது ஓட்டை போட்ட வட்டத் தகடுகள். நூற்று இருபத்தேழு எந்த எண்ணாலும் வகுபடாது, அதற்கு ஒத்த தகடு அவரிடம் இல்லை, வேறு முறையில் செய்ய வேண்டிய சாமானும் இல்லை. நூற்று இருபத்தெட்டு என்றால் பதினாறு ஓட்டை வட்டத்தில் ஐந்து ஐந்தாகத் தள்ளி அழகாக வெட்டிவிடலாம். அதைத்தான் செய்திருந்தார். "மாஸ்டர் கோ போலா தா மைனே, ஏக் தாந்த் ஜாஸ்தி ஆயேகா. போலே, சலேகா" என்றார். ஒரு பல் அதிகமாக வரும் என்று மாஸ்டரிடம் முன்கூட்டியே சொல்லியிருக்கிறார், மாஸ்டரும் பரவாயில்லை என்றிருக்கிறார்.

ஆக, தெரிந்தேதான் அவர் 127 என்று குத்தியிருக்கிறார். தேவராஜ் இரண்டு நாளாக அவர் கண் முன்னால்தான் பைத்தியக்காரன் மாதிரி சுற்றிக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை குல்கர்ணி சாகேப்பை என் ஸ்டோர் கவுண்டருக்கே வரச் சொன்னேன். மாஸ்டரும் வந்தார், தேவராஜும் வந்தார், வேலையை விட்டுவிட்டுப் பின்னால் ஒரு கும்பலும் வந்தது. சக்கரத்தில் நூற்று இருபத்தெட்டுப் பல் இருக்கிறது என்று நான் சொன்னதும் மாஸ்டர் சிரித்தார். பெரிய சிரிப்பு இல்லை, குழந்தை ஏதோ உளறினால் சிரிக்கிற மாதிரி. "சாக்பீஸ் போட்ட பல்ல ரெண்டு வாட்டி எண்ணிட்டே பாப்பா" என்றார். கும்பலும் சிரித்தது. எல்லோருக்கும் தெரிந்த தப்புதானே, எண்ணிக்கையில் ஒன்று கூடுகிற தப்பு. குல்கர்ணி என்னைப் பார்த்த பார்வையிலேயே அவரும் அதை நம்பிவிட்டார் என்று தெரிந்தது. அங்கே நான் நூறு தடவை எண்ணிக் காட்டியிருந்தாலும் அதே பதில்தான் வந்திருக்கும்.

எண்ணவே வேண்டாம் என்றேன். சாக்பீஸைக் குல்கர்ணி கையில் கொடுத்து, ஒரு பல் விட்டு ஒரு பல்லில் கோடு போட்டுக்கொண்டே சுற்றி வரச் சொன்னேன். நூற்று இருபத்தேழு ஒற்றைப்படை. அது உண்மையானால் போட ஆரம்பித்த இடத்துக்கு வந்து சேரும்போது கோடு போட்ட இரண்டு பற்கள் அடுத்தடுத்து வந்து நிற்கும். இரட்டைப்படையானால் ஒன்றுக்கொன்று மாறி மாறிப் பொருந்திவிடும். இதைப் புரிந்துகொள்ள எண்ணத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. குல்கர்ணி பேண்ட்டில் சாக்பீஸ் தூளும் கிரீஸும் ஆகிக்கொண்டே ஒவ்வொன்றாகப் போட்டார். சுற்றி முடிந்தது. கோடு, வெறும் பல், கோடு, வெறும் பல். எங்கேயும் இரண்டு சேர்ந்து நிற்கவில்லை. இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

இந்த எண்ணைக் குத்தியது யார் என்று குல்கர்ணி கேட்டார். பஞ்ச் செட் யார் அலமாரியில் இருக்கிறது என்பது வாசலில் நிற்கும் வாட்ச்மேனுக்குக்கூடத் தெரியும். எல்லோரும் மாஸ்டரைப் பார்க்காமல் இருப்பதற்காகச் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அப்போது தேவராஜ் முன்னால் வந்தார். நான்தான் சாகேப் என்று ஹிந்தியில் ஆரம்பித்தார். நிறுத்தினார். மாஸ்டருடைய அலமாரி திறந்திருந்தது என்றார். மறுபடி நிறுத்தினார். பஞ்சை நான்தான் எடுத்தேன் என்றார். பட்டறையில் செய்யச் சொன்னதும் நான்தான் என்றார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் இடையில், பாடம் மறந்துபோன பிள்ளை மாதிரி, மாஸ்டர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பொய் சொல்லத் தெரியாதவர் பொய் சொல்கிறார், அதனால்தான் திக்குகிறது என்று நான் நினைத்தேன்.

எனக்கு வந்த கோபத்தில் தமிழில், "மாஸ்டர், நீங்களே சொல்லுங்க" என்றேன்.

அவர் உள்ளங்கையில் சுண்ணாம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தார். "அதான் அவனே சொல்லிட்டானே பாப்பா" என்றார்.

பட்டறைக்காரர் சொன்னதைக் குல்கர்ணியிடம் சொன்னேன், அவரைக் கூட்டி வரட்டுமா என்றும் கேட்டேன். தேவையில்லை, ஆளே ஒப்புக்கொள்கிறான் என்று சொல்லிவிட்டு அவர் கையைத் துடைத்துக்கொண்டார். அவருக்குத் தெரியாமல் இல்லை. மாஸ்டரை அனுப்பினால் மாஸ்டர் கொண்டுவந்த பாதி ஷாப்பும் கூடவே போகும், தேவராஜை அனுப்பினால் தேவராஜ் மட்டும்தான் போவார். மேனேஜ்மென்ட் படிப்பு படித்தவர், இந்தக் கணக்குக்கு அவருக்குச் சாக்பீஸ் தேவைப்படவில்லை. அந்த மாதக் கடைசியில் தேவராஜை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள்.

மாஸ்டர் அதற்குப் பிறகும் பல வருஷம் இருந்து, மாலை மரியாதையோடு ரிட்டயர் ஆனார். அன்றைக்கு மேடையில் பேசியவர்கள் எல்லோரும் அந்தக் காதைப் பற்றித்தான் பேசினார்கள். நான் போகவில்லை, எனக்கு அன்று ஸ்டோரில் கணக்கெடுப்பு இருப்பதாகச் சொல்லிவிட்டேன். தேவராஜ் எங்கெங்கோ வாடகை லேத்தில் ஓட்டிவிட்டு, கடைசியில் ஹிஞ்சவடியில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி வாசலில் செக்யூரிட்டி ஆனார். மலருக்குக் கட்டுரை கேட்டவருக்குத் தினமும் சல்யூட் அடித்திருந்தாலும் ஆச்சரியமில்லை. இவ்வளவுக்கும் பிறகு ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை பழத்தட்டு வாங்கிக்கொண்டு மாஸ்டர் வீட்டுக்குப் போய்வந்தார். கேள்விப்படும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு தடவை கட்கி மார்க்கெட்டில் பார்த்தபோது முகத்துக்கு நேராகவே, உங்களை மாதிரி அடிமையை நான் பார்த்ததில்லை என்று சொல்லிவிட்டேன். காய்கறிப் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் சாக்பீஸ் தேய்த்து மீட்டுக் கொடுத்த வேலையை, தானே போய்க் குப்பையில் போட்டவர் என்கிற ஆத்திரம் எனக்குப் பல வருஷம் ஆறவில்லை.

மலருக்கு மாஸ்டருடைய பழைய படம் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். படம் தேவராஜிடம்தான் இருக்கும் என்று எல்லோரும் சொன்னதால் போன வாரம் தாபோடியில் அவர் வீட்டுக்குப் போனேன். மனைவி பெரிய பெண் வீட்டுக்குப் போயிருந்தார். தேவராஜ் தனியாக உட்கார்ந்து டீவி பார்த்துக்கொண்டிருந்தார், தலை முழுக்க நரைத்துவிட்டது. படத்தை எடுத்துத் துடைத்துக் கொடுத்தார். மாஸ்டரைப் பற்றி என்னைத்தான் எழுதச் சொல்லியிருக்கிறார்கள் என்றேன். நடந்ததை நடந்தபடி எழுதட்டுமா என்று கேட்டேன். எழுதிக்கோ, இனிமேல் யார் வேலை போகப்போகிறது என்றார். டீவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நீ என்னிய மூள இல்லாதவன்னுதான நெனச்சிக்கினு கீறே, மல்லிகா?"

ஆமாம் என்றேன்.

"அவுரு வேலையக் காப்பாத்தணும்னு நான் இன்னாத்துக்கு அன்னிக்கு அப்டி சொல்லப்போறேன்? சாகேப் கேட்டா அவுரு வாயத் தொறக்க மாட்டாரு, நீ கேட்டாலும் தொறக்க மாட்டாரு. நான் மாட்டிக்கினா தொறப்பாருன்னு நெனச்சேன். நான் சொல்ல ஆரம்பிச்சதுமே, டேய் சும்மா இருடா, நான்தான் குத்துனேன்னு சொல்லிடுவாருன்னு நெனச்சேன்மா. அதான் நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். அவுருக்கு டைம் குடுக்கணும் இல்ல?"

அன்றைக்கு அவர் மாஸ்டர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றதைப் பக்கத்திலேயே நின்று பார்த்தவள் நான். பிறகும் வருஷா வருஷம் ஏன் போனீர்கள் என்று கேட்டேன்.

"என்னிக்காச்சும் சொல்லுவாருன்னுதான். யாருக்கும் வேணாம், எங்கிட்ட மட்டும் சொன்னா போதும்னு தோணும். சாவறதுக்கு முந்தி ஆஸ்பத்திரில போய்ப் பாத்தேன். ரூம்ல வேற யாரும் இல்ல. என் கையப் புடிச்சிக்கினாரு, உதடு துடிச்சிது. சரி, வந்துடுச்சின்னு கிட்டப் போய்க் குனிஞ்சேன்."

"சொன்னாரா?"

"டீ குடிச்சியாடான்னு கேட்டாரு. குடிச்சேன் மாஸ்டர்னு சொல்லிட்டு எழுந்து வந்துட்டேன்" என்றார் தேவராஜ்.